நோய்க்கு முன் வரும் பீதி
வணிகர் அறியவேண்டிய பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஓர் ஊருக்குள் கொள்ளைநோய் புகுமுன்பே அதைப் பற்றிய பீதி புகுந்துவிடுகின்றது. அந்தப் பீதி முதன்முதலில் வந்து நிற்கும் இடம் நம்முடைய கடை வாசல். அரிசி இருக்கின்றதா, நாளைக்கும் கிடைக்குமா, விலை ஏறுமா என்று ஜனங்கள் மருத்துவரிடம் போய்க் கேட்பதில்லை, வணிகரிடத்தில்தான் கேட்கின்றனர். ஆதலால் நோய் பெருகத் தொடங்கும் நாட்களில் மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், அப்போது வணிகராகிய நமது கடமை யாது என்பதை 2020ஆம் ஆண்டின் அனுபவத்தையும் மார்க்க நெறியையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம். காய்ச்சல் கொதிக்கும்போது பாடம் மனத்தில் ஏறாது. தணிந்த பின்னர்தான் ஏறும். இப்போது படித்து வைத்தால் மற்றொரு சமயம் உதவும்.

நிகழ்ந்தது என்ன?

கொவிட் நோய் சிங்கப்பூரில் 2020 ஜனவரி 23ஆம் நாளும், மலேசியாவில் ஜனவரி 25ஆம் நாளும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிப்ரவரி 7ஆம் நாள், வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர் அரசாங்கம் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தியது. அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, மீ பொட்டலங்கள், கழிப்பறைத் தாள் ஆகியவை இருந்த தட்டுகள் காலியாயின. அன்றைய தினம் நாடு முழுவதிலும் நோய் கண்டவர்கள் 33 பேர், இறந்தவர் ஒருவருமில்லை. மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் மக்களிடம் பேசி, சரக்கு தாராளமாக இருக்கின்றது, வாங்கிக் குவிக்கவேண்டிய அவசியமில்லை என்று தைரியம் சொல்லவேண்டியதாயிற்று. அதே சிங்கப்பூரில் ஏப்ரல் 20ஆம் நாள் ஒரே நாளில் 1,426 பேருக்கு நோய் கண்டது. எனவே பீதிக்கு ஓர் அளவுகோல், நோய்க்கு ஓர் அளவுகோல் என்பது தெளிவாகும். ஜனங்களின் நெரிசலைப் பார்த்து நோயின் அளவைக் கணிக்கக்கூடாது. நெரிசல் இல்லையென்று நோயை அலட்சியம் செய்யவும் கூடாது.

மலேசியாவில் மார்ச் 15ஆம் நாள் ஒரே நாளில் 190 பேருக்கு நோய் உறுதியாயிற்று. மறுநாள் இரவு பிரதமர் முஹ்யித்தீன் யாசின், மார்ச் 18ஆம் நாள் முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்தார். இடைப்பட்ட ஒரே நாளில் நடந்ததைக் கவனியுங்கள். கடைகளில் கூட்டம், பேருந்து நிலையங்களில் கூட்டம், மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி கேட்டுக் காவல் நிலையங்களில் கூட்டம், சிங்கப்பூரில் வேலை செய்வோர் ஜொகூர் பாலத்தைக் கடக்கக் கூட்டம். ஜனங்களைப் பிரித்து வைப்பதற்காகச் செய்த அறிவிப்பே ஓர் இரவு அவர்களை ஒன்றாகக் கூட்டிவிட்டது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, நோயின் தொடக்கத்தில் மனிதரிடம் மூன்று குணங்கள் தோன்றுவதைக் காண்கின்றோம். ஒன்று அலட்சியம். இரண்டு பதற்றம். மூன்று பழி சுமத்துதல்.

முதலாவது: அலட்சியம்

“இது சாதாரணச் சளி, சார்ஸ் வந்ததைப் பார்த்தவர்கள் நாம்” என்று பலர் முதலில் பேசினர். 2003இல் வந்த சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைப் பிடித்தது. 33 பேர் இறந்தனர். அந்நோய் கண்டவர்கள் பெரும்பாலும் காய்ச்சல் முற்றிய பிறகே பிறருக்குப் பரப்பினர். ஆதலால் வாசலில் நின்று காய்ச்சலை அளந்து பார்ப்பது பெரிதும் பயன்பட்டது. கொவிட் அப்படியன்று. உடலில் குறி தோன்றுமுன்பே அது பிறரைத் தொற்றியது. பழைய அனுபவம் நல்ல ஆசிரியர்தான். ஆனால் புதிய சரக்கைப் பழைய எடைச்சீட்டைக் காட்டி விற்கமுடியாது என்பதை வணிகர் அறிவர்.

நம்மவரிடையே அலட்சியம் வேறொரு போர்வை போர்த்தியும் வந்தது. “எல்லாம் விதி, தவக்குல் உடையவனுக்கு நோய் என்ன செய்யும்?” என்பது அது. இதற்கு விடையை நாம் தேடவேண்டியதில்லை. கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்திலேயே விடை கிடைத்திருக்கின்றது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அந்நாட்டுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்தை அடைந்தபோது படைத் தலைவர்கள் வந்து செய்தி சொன்னார்கள். கலீபா உடனே தாமாக ஒரு முடிவு கட்டிவிடவில்லை. முதலில் முஹாஜிர்களையும், பிறகு அன்ஸாரிகளையும், பிறகு குறைஷிப் பெரியோர்களையும் அழைத்து ஆலோசித்தார்கள். முந்திய இரு கூட்டத்தாரிடையே அபிப்பிராய பேதம் இருந்தது. பெரியோர்கள் ஒரே குரலில் திரும்பிவிடுமாறு கூறினர். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகின்றீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே போகின்றோம் என்னும் கருத்தில் கலீபா விடையளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவன் விதித்ததுதானே என்று உவமையும் காட்டினார்கள்.

அவ்வேளையில் ஒரு காரியமாக வெளியே போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள்; நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அதற்கஞ்சி வெளியேறாதீர்கள் என்ற கருத்தமைந்த நபிமொழியைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். இந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் யார்? மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்து, சந்தைக்கு வழி கேட்டு, வியாபாரத்தால் உயர்ந்த பெரும் வணிகர். சபை கலங்கியிருந்தபோது உறுதியான செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு வணிகர் என்பதை நம் சகோதரர்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

2020 மார்ச் 13ஆம் நாள் முதல் சிங்கப்பூரின் பள்ளிவாசல்கள் அனைத்தும் மூடப்பட்டன. 1826இல் நிறுவப்பட்ட நமது ஜாமிஆ சூலியா பள்ளியும் அவற்றுள் ஒன்று. ஜும்ஆ நின்றது. மலேசியாவிலும் அவ்வாறே ஆயிற்று. பலர் கண்ணீர் விட்டனர்; அது ஈமானின் அடையாளம். சிலர் கோபித்துக்கொண்டனர். கடும் மழை பெய்த ஒரு நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பாங்கு சொல்பவரிடம், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக வீடுகளில் தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்னதும், நபியவர்கள் அவ்வாறு செய்ததை எடுத்துக் காட்டியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. மழைக்கே சலுகை உண்டென்றால், உயிரைப் பறிக்கும் நோய்க்கு இல்லையென்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது: பதற்றம்

கடைத் தட்டு காலியானதும் ஊரில் பொருளே இல்லையென்று ஜனங்கள் எண்ணுகின்றனர். வணிகருக்கு உண்மை தெரியும். தினமும் எத்தனை பேர் வருவர், எவ்வளவு வாங்குவர் என்று கணக்கிட்டே கடையில் சரக்கு அடுக்கப்படுகின்றது. வாரத்துக்கு ஐந்து கிலோ வாங்கும் குடும்பம் ஒரே நாளில் இருபது கிலோ கேட்டால், நான்கு வாரச் சரக்கு ஒரே நாளில் தீர்ந்துபோகும். கிடங்கில் மூட்டைகள் இருக்கும். லாரி வந்து சேர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் காலித் தட்டைப் பார்த்தவர் பத்துப் பேரிடம் சொல்வார். பத்துப் பேரும் மறுநாள் வந்து நிற்பர். இவர்களுள் ஒருவரும் மூடரல்லர். பிறர் வாங்குகிறாரே, நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற கவலையே அவர்களை இழுத்து வருகின்றது. கவலைப்படுபவரைக் கடிந்து பயனில்லை; விவரம் சொல்லவேண்டும்.

2020 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பெரிய அங்காடிகள் அரிசி ஒருவருக்கு இத்தனை பை என்று வரம்பு வைத்தன. அது நல்ல முறை. வரம்பு வைக்கும் கடையில் முதலில் வந்த பணக்காரரும் கடைசியில் வந்த கூலிக்காரரும் சமமாகப் பெறுவர்.

விலை விஷயத்துக்கு வருவோம். பதுக்கி வைப்பவன் பாவி என்னும் பொருளில் நபிமொழி உண்டு. பதுக்கல் என்பது எது? கடையில் சரக்கு இருப்பதெல்லாம் பதுக்கலாகாது. ஷாஃபிஈ அறிஞர்களின் விளக்கப்படி, ஜனங்களுக்கு உணவுப்பொருள் கிராக்கியாக உள்ள நேரத்தில் அதை வாங்கி, உடனே விற்காமல், இன்னும் விலை ஏறட்டும் என்று வைத்திருப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். மலிந்த காலத்தில் வாங்கி வைத்திருப்பது இதில் சேராது. ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ யூசுஃப் அவர்களோ, எதைத் தடுத்து வைத்தால் மக்களுக்குத் தீங்கு உண்டாகுமோ அதெல்லாம் பதுக்கலே என்றார்கள். நம் சங்கத்தில் இரு மத்ஹபினரும் உள்ளனர். முகக்கவசம் உணவுப்பொருளன்று, ஆகவே பதுக்கலாம் என்று எவரேனும் வாதிட்டால், அபூ யூசுஃப் அவர்களின் சொல்லை அவர் படிக்கவேண்டும். நோய்க் காலத்தில் முகக்கவசத்தைத் தடுத்து வைப்பதைவிடப் பெரிய தீங்கு எது?

“மொத்த வியாபாரி ஏற்றிவிட்டான்; நான் நஷ்டத்துக்கா விற்பது?” என்று கேட்பது நியாயமே. நபியவர்களிடம் விலையை நிர்ணயிக்குமாறு வேண்டியபோது அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. வாங்கிய விலை ஏறினால் விற்கும் விலையும் ஏறும். ஆனால் பழைய விலையில் வந்த சரக்கைப் பக்கத்து வீட்டாரின் அச்சத்தைக் கண்டு மும்மடங்காக்குவது வேறு. அது சரக்கின் விலையன்று, அச்சத்தின் விலை. நாட்டுச் சட்டத்தையும் மறக்கலாகாது. 2020 ஏப்ரலில் மலேசிய அரசாங்கம் மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு உச்ச விலை 1 வெள்ளி 50 காசு என்று வரையறுத்தது. மீறி விற்றவர் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் சேர்த்தே பதில் சொல்லவேண்டியவர்.

பதற்றத்தின் இரட்டைப் பிறவி வதந்தி. அச்சமோ அமைதியோ தரும் செய்தி வந்ததும் அதைப் பரப்பிவிடாமல், விவரம் அறிந்த பொறுப்பாளர்களிடம் கொண்டுசெல்லவேண்டும் என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் அறிவுறுத்துகின்றது. கைப்பேசியில் வந்ததைக் கடையில் நின்று சொன்னால், அதற்கு நம் கடைப் பெயரே முத்திரையாகிவிடும். மேலும், அறிவுரை மாறினால் முன்பு பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்டக்கூடாது. நலமாயிருப்போருக்கு முகக்கவசம் தேவையில்லை என்று தொடக்கத்தில் சிங்கப்பூரில் சொன்னார்கள். ஏப்ரல் 3ஆம் நாள் அந்த அறிவுரை மாறியது. ஏப்ரல் 14ஆம் நாள் அது கட்டாயமாயிற்று. குறி தோன்றாதவரும் பரப்புவர் என்ற அறிவு வலுப்பட்டதே காரணம். நேற்றைய சந்தை நிலவரமும் இன்றைய நிலவரமும் வேறுபட்டால் நாம் தரகரைப் பொய்யர் என்பதில்லையே!

மூன்றாவது: பழி

அச்சம் முற்றினால் ஆள் தேடும். முதலில் சீனர்களைப் பழித்தனர். பிறகு 2020 பிப்ரவரி இறுதியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளியில் சுமார் 16,000 பேர் கூடிய தப்லீக் இஜ்திமாவைப் பழித்தனர். அதைத் தொட்டு மலேசியாவில் 3,000 பேருக்கு மேல் நோய் கண்டது உண்மை. நோயை அறியாமல் கூடியவர்கள் அவர்கள் என்பதும் உண்மை. பிறகு சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகள். அவற்றில் 2020 முடிவதற்குள் 50,000 பேருக்கு மேல் நோய் கண்டது. ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில் விலகி இரு என்றால் எங்கே விலகுவது? அவர்களுள் பலர் தமிழகத்திலிருந்து வந்து, ஞாயிறுதோறும் நம் கடைகளுக்கு வருபவர்கள். ஏப்ரல் 7ஆம் நாள் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. அது நமது வியாபாரத்தின் இதயம் போன்ற வட்டாரம். பிறரைச் சுட்டிய விரல் நம் பக்கமும் திரும்பும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பழியால் விளையும் கேடு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. பழிக்கு அஞ்சியவன் நோயை மறைப்பான். மறைத்த நோய் பரவும். இருமுகின்ற சிப்பந்தி, சொன்னால் வேலை போகும், சம்பளம் போகும் என்று பயந்தால் சொல்லவேமாட்டான், கல்லாவில் நின்றுகொண்டேயிருப்பான். ஆதலால் சிப்பந்திக்கு அபயம் கொடுப்பது தர்மம் மட்டுமன்று, கடைக்கும் காவலாகும்.

நாம் செய்யவேண்டியவை

1. சரக்கு எவ்வளவு உண்டு, அடுத்த லாரி எப்போது வரும் என்பதைக் கடை வாசலில் எழுதி வைக்கவேண்டும். உண்மையான எண்ணிக்கை பதற்றத்துக்கு நல்ல மருந்து.

2. கிராக்கியான பொருளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முதல் நாளே வரம்பு வைக்கவேண்டும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பது நலம்.

3. பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்கவேண்டும். விலை ஏற்றினால் காரணத்தைச் சொல்லவேண்டும்.

4. உறுதியில்லாத செய்தியைக் கடையில் பேசலாகாது.

5. உடம்பு சரியில்லாத சிப்பந்தியைச் சம்பளத்தோடு ஓய்வில் இருத்தவேண்டும். தனிக் கடைக்கு இயலாவிட்டால், சங்கத்தில் இதற்கென ஒரு நிதி வைப்பது பற்றி ஆலோசிக்கலாம்.

கொள்ளைநோய் வந்தபோது எந்தக் கடைக்காரர் எப்படி நடந்தார் என்பதை ஊர் மறப்பதில்லை. அந்த மாதங்களில் கிடைத்த அதிக லாபம் எப்போதோ செலவாகிப் போயிருக்கும்; அவர் அன்று ஒரு மூட்டை அரிசியை நியாய விலைக்குக் கொடுத்தார் என்ற பேச்சு பிள்ளைகள் காலம் வரை நிற்கும். நேர்மையும் நம்பிக்கையும் உள்ள வணிகருக்கு மறுமையில் உயர்ந்தோரின் கூட்டத்தில் இடமுண்டு என்ற நன்மாராயமும் நமக்கு இருக்கின்றது.

வல்ல நாயன் நம் ஊர்களைக் கொடிய நோய்களிலிருந்து காப்பானாக! சோதனை வரும் வேளையில் நம் தராசையும் நாவையும் நேராக வைப்பானாக! ஆமீன்.