4 ஜிபி என்றால் பெரிய கார்டா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: பழைய கிராபிக்ஸ் கார்டுகள்

புதிய கிராபிக்ஸ் கார்டின் விலையைக் கேட்டவர்கள் பலரும் அடுத்து விசாரிப்பது பழைய கார்டைத்தான். புதுச்சேரியில் அமையாவிட்டால் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை. வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டு ஈசிஆர் பஸ்ஸில் திரும்பிவிடலாம். பத்து வருடப் பழசானாலும், பார்த்து எடுத்தால் பிள்ளைகள் கேம் ஆடவும் கல்யாண வீடியோ எடிட் செய்யவும் அது உதவும். பார்க்காமல் எடுக்கவைப்பவை வாய்வழியாகப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: பாண்டியில் வாங்கினால் வரி குறைவு.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் பல பொருள்களுக்கு விற்பனை வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போவார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது. கிராபிக்ஸ் கார்டுக்கு இங்கேயும் 18 சதவீதம், சென்னையிலும் 18 சதவீதம். யாராவது வரியைக் காரணம் காட்டி மலிவாகத் தருகிறார் என்றால், முதலில் பில் தருவாரா என்று கேளுங்கள்.

நம்பிக்கை: 4 ஜிபி கார்டு 2 ஜிபி கார்டைவிட வேகமானது.

உண்மை: பழைய கார்டு வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். என்விடியா 2014-இல் ஜிடி 730 என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கார்டுகளை விட்டது. ஒன்றில் 96 கோர் (சில்லில் கணக்குப் போடும் அலகு), 128 பிட் டிடிஆர்3 மெமரி. இரண்டாவதில் 384 கோர், 64 பிட் டிடிஆர்3. மூன்றாவதில் 384 கோர், 64 பிட் ஜிடிடிஆர்5. மெமரிக்கும் சில்லுக்கும் இடையே விநாடிக்குப் போய்வரும் தரவு, அதாவது பேண்ட்விட்த், முறையே சுமார் 29, 14, 40 ஜிபி. பெட்டியில் 4 ஜிபி என்று பெரிதாக அச்சிட்ட ஜிடி 730 பெரும்பாலும் டிடிஆர்3 வகைதான். அதைவிட 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டு நன்றாக ஓடும். மாடியில் எவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தாலும் அரை இஞ்ச் குழாயில் அரை இஞ்ச் தண்ணீர்தான் வரும்.

கணக்கும் எளிது. மெமரி வேகத்தை பிட் அகலத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் பேண்ட்விட்த். 5 ஜிகாபிட் வேகம், 64 பிட் அகலம் என்றால் 40 ஜிபி. அதே 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டில் இது 86 ஜிபி. அதிலும் 2 ஜிபி மெமரிதான். ஆனால் ஜிடி 730 அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

நம்பிக்கை: மாடல் எண் பெரிதாக இருந்தால் கார்டும் பெரிது.

உண்மை: முன்னால் வரும் எண் தலைமுறையைச் சொல்கிறது, கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அந்தத் தலைமுறைக்குள் கார்டின் தரத்தைச் சொல்கின்றன. 2014-இன் ஜிடிஎக்ஸ் 970-இல் 1664 கோர். 2016-இன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யில் 768. மின்சாரம் அதிகம் குடித்தாலும் வேகத்தில் 970 தெளிவாக முந்தும். அதற்காக 970-இன் பெட்டியையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதன் 4 ஜிபியில் கடைசி அரை ஜிபி மிக மெதுவானது என்று 2015 ஜனவரியில் வெளியே தெரிந்து, அமெரிக்காவில் வழக்காகி, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 30 டாலர் தர என்விடியா ஒப்புக்கொண்டது.

நம்பிக்கை: கோர் மும்மடங்கு என்றால் வேகமும் மும்மடங்கு.

உண்மை: ஜிடிஎக்ஸ் 580-இல் 512 கோர். 2012-இல் வந்த 680-இல் 1536. ஆனால் கேம்களில் கூடிய வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 580-இன் கோர்கள் சில்லின் மற்ற பகுதிகளைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழன்றவை. மின்செலவைக் குறைக்க 680-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். இரண்டிலும் பேண்ட்விட்த் ஒன்றேதான், சுமார் 192 ஜிபி. நிறுவனம் மாறினால் கோர் கணக்கு இன்னும் பொருந்தாது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 580-இல் 2304; அதற்குச் சமமாக ஓடிய ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டில் 1280.

நம்பிக்கை: கார்டு இல்லாததற்கு ஏதோ ஒரு கார்டு மேல்.

உண்மை: ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ஜிடி 730-ஐத் தாண்டிவிடும். டிடிஆர்4 3200 ரேம் இரண்டு குச்சிகளாக இருந்தால் அதற்குக் கிடைக்கும் பேண்ட்விட்த் 51 ஜிபி. ஒரே குச்சி என்றால் அதில் பாதி. இப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குப் பழைய கார்டு வாங்கும் பணத்தில் இன்னொரு ரேம் குச்சி போடுவதே லாபம். வீடியோ பார்ப்பதற்கும் இது பொருந்தும்: யூடியூப் பயன்படுத்தும் விபி9 வீடியோவை ஜிடி 730-ஆல் தானாக விரிக்க முடியாது, பாரம் பிராசஸர் மேல் விழும். ஜிடி 730-இன் கெப்ளர் தலைமுறைச் சில்லுகளுக்குப் புதிய கேம் டிரைவர்கள் வருவதும் 2021-இலேயே நின்றுவிட்டது.

நம்பிக்கை: விண்டோஸ் காட்டும் பெயர்தான் கார்டின் பெயர்.

உண்மை: பெயரைக் கார்டின் பயாஸில், அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில், மாற்றி எழுதிவிடலாம். 2010-இன் ஜிடிஎஸ் 450 சில்லை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டி விற்ற போலிகள் உலகெங்கும் சுற்றின. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இவற்றைப் போலி என்றே குறித்துக் காட்டுகிறது. கண்ணால் பார்த்தே சந்தேகப்பட ஓர் அடையாளமும் உண்டு. வீட்டில் பழைய மானிட்டர் வைத்திருப்பவர் கார்டில் விஜிஏ துளையைப் பார்த்ததும் மகிழ்ந்துபோவார். ஆனால் 1050 டிஐ-யின் பாஸ்கல் தலைமுறைச் சில்லில் நேரடி விஜிஏ வெளியீடே கிடையாது. அந்தத் துளை இருந்தால் கையை பாக்கெட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

நம்பிக்கை: மைனிங்கில் ஓடிய கார்டு செத்த கார்டு.

உண்மை: கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டுவதுதான் மைனிங். அப்படி ஈட்டப்பட்ட எதீரியம் 2022 செப்டம்பர் 15-இல் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு ஏராளமான கார்டுகள் விற்பனைக்கு வந்தன. ஓடி ஓடி சில்லின் வேகம் குறைந்துவிடாது. தேய்வது ஃபேன், காய்வது தெர்மல் பேஸ்ட், சிலவற்றில் பயாஸை மாற்றியிருப்பார்கள், அதைப் பழையபடி ஏற்ற வேண்டியிருக்கும். நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் இருந்த கார்டு என்றால், மைனிங்கில் ஓடியதா என்று கேட்பதற்கு முன் இரும்புப் பட்டையில் துருவும் சால்டரில் பச்சையும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: எஸ்எம்பிஎஸ் மேல் 500 வாட் என்று இருந்தால் எந்தக் கார்டும் ஓடும்.

உண்மை: கார்டு பெரும்பாலும் மின்சாரத்தை உறிஞ்சுவது 12 வோல்ட் வழியிலிருந்து. லேபிளில் அந்த வழிக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். ஆர்எக்ஸ் 580 ஒன்றுக்கே 185 வாட் வேண்டும், பிராசஸருக்கு என்ன மிஞ்சும்? மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்தான். 60 வாட்டில் ஓடும் 750 டிஐ கார்டுகள் பலவற்றில் தனி ஒயரே தேவைப்படாமல் இருப்பதும், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு அதை இன்றும் தேடுவதும் இதனால்தான்.

ஆக, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது எத்தனை ஜிபி என்று அல்ல. மெமரி எந்த வகை, எத்தனை பிட், எத்தனை வாட்? பதில் வந்ததும் கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஜிபியு-இசட் திறந்து, கால்மணி நேரம் ஒரு கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிக் காட்ட மறுத்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கார்டு வேண்டாம்.