ஐப்பசி அடைமழைக்கு முன்

சென்னையில் காலையில் சுள்ளென்று வெயில், மாலையில் முழங்கால் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை தினமும் பெய்வதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கொட்டும், போனால் சில நாள் காயும். அந்தக் காய்ந்த நாட்களை விடாதீர்கள். மொட்டை மாடி வடிகுழாயில் அடைத்த சருகை எடுப்பது, மிளகாய், மல்லியை வெயிலில் காட்டி அரைத்துவைப்பது, போர்வைகளைத் துவைப்பது எல்லாம் அப்போதே.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் நான்கு வாரப் போக்கைச் சொல்கிறது. அதை நம்பிக் கல்யாணத் தேதியை மாற்ற வேண்டாம். குடை எடுக்க அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் உங்கள் தெரு நனையாமலும் போகலாம். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் பெரும்பாலும் மிகக் கனமழை: 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர். வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்; போன், பவர் பேங்க் இரண்டையும் முந்தின இரவே சார்ஜ் போடுங்கள். மெழுகுவர்த்தியை வாங்கிவைத்துவிட்டுத் தீப்பெட்டியை நமுத்துப்போக விடுவது எங்கள் வீட்டு வழக்கம்! மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.