கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

காய்கறி ஏற்றிய பழைய நிசான் வானெட் பிக்கப் ஒன்று பீடோங் பக்கம் மேடு ஏறும்போது இருமுகிறது. இரண்டாம் கியரில் திணறி, ஒருவழியாகச் சாலைக்கு வந்து, பட்டறை வாசலில் நிற்கிறது. ஹெல்பர் பையன் சுறுசுறுப்பானவன். நான்கு பிளக்கையும் கழற்றிப் பழைய மைலோ டின்னில் போட்டான், புதுசு நான்கை மாட்டினான், இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பத்தே நாளில் அதே வண்டி அதே இருமலோடு திரும்பி வந்தது. இந்த முறை போமன் பிளக்குகளை வரிசையாகக் கழற்றிப் பார்த்தார். மூன்று பிளக் நன்றாக இருந்தன. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் கறுத்து, எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. பத்து நாளைக்கு முன்பும் அது அப்படித்தான் இருந்திருக்கும். டின்னுக்குள் விழுந்த பிறகு எது எந்தச் சிலிண்டருடையது என்று யாருக்குத் தெரியும்?

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் பட்டறை வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு இந்த ஒரு வேலையை முன்வைத்துச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். பிளக் மாற்றுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கழற்றிய பிளக்கைப் படிக்கத் தெரிந்தவனைத்தான் வாடிக்கையாளர் போமன் என்று கூப்பிடுவார்.

முதல் கேள்வி, வண்டி டீசலா பெட்ரோலா? சிரிக்காதீர்கள். தோட்டப் பக்கம் ஓடும் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் எல்லாம் பெரும்பாலும் டீசல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்திய சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது குளோ பிளக், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சூடேற்றி. கடையில் போய் "பிக்கப்புக்குப் பிளக் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் தவுக்கே உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நாம் பேசுவது பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றி: வானெட், டட்சன், சுசுகி கேரி, எப்போதோ துரைமார் ஓட்டிவிட்டுப் போன லேண்ட் ரோவர்.

அடுத்தது பிளக்கின் எண். அது கடைக்காரர் மட்டும் படிக்கும் மந்திரம் இல்லை. வானெட்டின் ஏ15 எஞ்சினுக்குப் பொதுவாகப் போடும் என்ஜிகே பிபி5இஎஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து பி, மரைப் பகுதியின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. அடுத்த எழுத்து, பீங்கான் நுனி சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு. 5 என்பது வெப்ப அளவு. இ, மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். நடுவில் ஆர் சேர்ந்து பிபிஆர்5இஎஸ் என்று வந்தால், ரேடியோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் உள்ளே இருக்கிறது.

இதில் நீளம்தான் ஆபத்தானது. 12.7 மில்லிமீட்டர் பிளக் போட வேண்டிய இடத்தில் 19 போட்டால் நுனி உள்ளே நீட்டி பிஸ்டனில் இடிக்கலாம். 19 வேண்டிய இடத்தில் குட்டையானதைப் போட்டால் மீதி மரையில் கரி பிடிக்கும், பிறகு சரியான பிளக் ஏறாது. "மரை ஏறுது, அப்புறம் என்ன" என்பது பட்டறையில் கேட்கக் கூடாத பேச்சு.

வெப்ப அளவில் ஒரு சிக்கல் உண்டு. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்தும். சாம்பியன், பாஷ் இரண்டிலும் தலைகீழ்: எண் கூடினால் சூடான பிளக். என்ஜிகே 5-க்கு டென்சோவில் 16 என்று வரும். பிராண்டு மாற்றும்போது எண்ணை மனக்கணக்கில் போடாமல் கடையில் இருக்கும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் எரிக்கும் கிழட்டு எஞ்சினுக்குச் சிலர் ஒரு படி சூடான பிளக் போட்டுச் சமாளிப்பார்கள். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்த கதைதான் அது. வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. சொல்லாமல் செய்தால் தப்பு.

இரிடியம் போடலாமா என்று கேட்பார்கள். சாதாரண நிக்கல் பிளக் சுமார் 20,000 கிலோமீட்டர் வரும், இரிடியம் 100,000 வரைகூடத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கார்பரேட்டர் வண்டியில், ரிங் தேய்ந்த எஞ்சினில், விலை கூடிய பிளக்கும் அதே எண்ணெயில்தான் ஊறும். இந்த வண்டிகளுக்கு நல்ல கடையில் வாங்கிய நிக்கல் பிளக் போதும் என்பது என் கட்சி. நல்ல கடை என்று அழுத்திச் சொல்லக் காரணம் போலிப் பிளக்குகள். பெயர் எழுத்து மங்கியிருந்தால், அடியில் இருக்கும் வாஷர் விரலால் இழுத்ததும் கழன்று வந்தால், விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த 20,000 கிலோமீட்டர் கணக்கைத் தோட்ட வண்டிக்கு அப்படியே பொருத்தாதீர்கள். இதைப் பல பட்டறைகள் கவனிப்பதில்லை. பிளக் நுனி சுமார் 450 பாகை செல்சியஸ் சூட்டைத் தொட்டால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சுமார் 850-க்கு மேலே போனால் வேறு வம்பு, பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். செம்பனைக் குலை பொறுக்கும் வண்டி என்ன செய்கிறது? பத்து மீட்டர் நகர்ந்து நிற்கிறது. ஆள் இறங்கி ஏற்றும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கிறது. மறுபடி பத்து மீட்டர். நாள் முழுக்க வேலை செய்தும் மீட்டரில் பதினைந்து கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும், நுனி ஒரு தடவைகூட முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. அத்தகைய வண்டிக்குக் கிலோமீட்டரை மறந்துவிட்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் சாலையில் ஏற்றி இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டிவரச் சொல்லுங்கள். பாதிக் கரி அதிலேயே எரிந்துவிடும்.

இனி கை வேலை.

எஞ்சின் ஆறட்டும். வானெட்டில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கியதும் முகத்தில் அறையும் அனலே காத்திருக்கச் சொல்லும். ஏ15-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும், பிறகு ஹெலிகாயில் போட்டு மரையைச் சரிசெய்யும் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய லேண்ட் ரோவர் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு, அது கொஞ்சம் பொறுத்துப் போகும். அதற்காக அவசரம் வேண்டாம்.

வயரைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் துண்டு டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். பற்றவைக்கும் வரிசை 1-3-4-2. இரண்டு வயர் இடம் மாறினாலே வண்டி வெடித்து இருமும். இழுக்கும்போது தொப்பியைப் பிடித்துச் சற்றுத் திருகி இழுங்கள், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும்.

அடுத்த வேலையைத் தோட்டத்து வண்டியில் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். பிளக்கைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு நிறுத்துங்கள். அதைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் செம்மண் தூசி மாவு போல இறுகிக் கிடக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றுக் குழாயால் அதை ஊதி வெளியேற்றுங்கள். பிறகுதான் முழுதாகக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் நேரே சிலிண்டருக்குள் விழுந்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உப்புத்தாள் போல வேலை செய்யும்.

பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, கழற்றிய நான்கையும் அதன்மேல் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். இப்போது படியுங்கள். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் நலம். நான்கும் காய்ந்த கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்குகிறது: ஏர் பில்டர், சோக், கார்பரேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். நான்கும் வெளுத்து, பீங்கானில் சிறு கொப்புளம் தெரிந்தால் காற்று எங்கேயோ கள்ளத்தனமாக நுழைகிறது, இல்லை எஞ்சின் கொதிக்கிறது. ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் குற்றம் அந்த ஒரு சிலிண்டரில், அல்லது அதன் வயரில். எண்ணெய் ஈரம் என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது. காம்ப்ரஷன் மானியை மாட்டிப் பாருங்கள். சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்ததும் அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு பக்கம். மைலோ டின் கதையில் வந்த வண்டிக்குத் தேவைப்பட்டது இந்தச் சோதனைதான்.

புதுப் பிளக்கின் இடைவெளியை அளக்காமல் மாட்டாதீர்கள். பெட்டிக்குள் வரும்போதே சரியாக இருக்கும் என்பார்கள், கடை மேசையிலிருந்து ஒரு முறை கீழே விழுந்தாலே கதை மாறிவிடும். பழைய பாயிண்ட் வைத்த வண்டிக்கு 0.8 மில்லிமீட்டரை ஒட்டியும், எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு 1.1 வரையிலும் இருக்கும். முடிவான எண் வண்டியின் கையேட்டில் இருப்பதுதான். வளைக்க வேண்டியது வெளிக்கொம்பை மட்டும். நடுக்கம்பியில் நெம்பினால் பீங்கான் விரிசல் விடும், விரிசல் கண்ணுக்கும் தெரியாது.

மாட்டும்போது ஸ்பேனரை அந்தப் பக்கம் வையுங்கள். ஒரு சாண் பழைய பெட்ரோல் ரப்பர் குழாயைப் பிளக் தலையில் செருகி, அதைச் சுழற்றியே மரையைப் பிடிக்க வையுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும், பிளக் நகராது. ஸ்பேனர் அப்படி எச்சரிக்காது, மரையை அறுத்துக்கொண்டே போய்விடும். கையால் முடிந்தவரை திருகிய பிறகு, வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று போதும். பழையதையே திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும். டார்க் ஸ்பேனர் இருக்கும் பட்டறை என்றால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் வேண்டாம். வழுக்கல் கூடி, தெரியாமலே அதிகமாக இறுக்கிவிடுவோம்.

எல்லாம் செய்தும் மழை நாளில் மட்டும் இருமினால் பிளக்கை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். இருட்டிய பிறகு இருக்கையைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி தாவுவது வெறும் கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள், அடி பலமாக விழும்.

வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற பரிசோதனைக்குப் போக வேண்டியவை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வந்தால் அளவுமானி காட்டிக்கொடுக்கும். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே பிளக்கைப் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைக்கு ஆட்கள் தாமாக வருவார்கள். ஹெல்பராக இருந்தாலும் இதை முதலாளியிடம் நீங்கள் சொல்லலாம்.

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். நம் பையன்கள் பலர் பத்து வருடம் பட்டறையில் கை கறுக்க வேலை செய்தும் கையில் ஒரு தாள் இல்லாமல் இருக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனால் முதலில் கேட்பது எஸ்கேஎம். தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன் கீழ் வரும் மலேசியத் திறன் சான்றிதழ் அது. ஒன்று முதல் மூன்று வரை நிலைகள், அதற்கு மேல் டிப்ளோமாக்கள். கியாட்மாரா போன்ற பயிற்சி நிலையங்களில் சேர்ந்து படிப்பது ஒரு வழி. வேலையை விட முடியாதவர்களுக்கு பிபிடி என்ற இன்னொரு வழி இருக்கிறது. ஏற்கெனவே செய்துவரும் வேலைக்கு ஆதாரம் காட்டி மதிப்பீட்டுக்கு உட்படலாம். விவரங்கள் மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையில், ஜேபிகேயில், கிடைக்கும்.

அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, வண்டி எண், கிலோமீட்டர், பிளக் எண், இடைவெளி, நான்கு சிலிண்டரிலும் பார்த்த நிறம், நீங்கள் சொன்ன காரணம், அது சரியாக இருந்ததா தவறா, இவ்வளவையும் ஒரு வண்டிக்கு நான்கு வரியில் எழுதலாம். நாளிதழ் மேல் வரிசையாகக் கிடக்கும் பிளக்குகளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை முதல் வண்டி வரும்போதே தொடங்கிவிடுங்கள், அந்த மைலோ டின்னையும் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.