எல்லைப்புறப் பள்ளிகளும் லினக்ஸ் வழங்கல்களும்

கேரள மாநிலம் முழுவதையும் குறிப்பிட விரும்பும் மலையாளிகள் "பாறசாலை முதல் காசர்கோடு வரை" என்பர். அம்மாநிலத்தின் தென்கோடியில் அமைந்திருப்பது பாறசாலை. அதற்கு அப்பால் இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. அங்குத் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழித் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவை. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே அன்றி மொழியைப் பிரிக்கவில்லை. கோட்டின் இப்பாலும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர்.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதிகள் செய்து தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. அப்பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டபோது வசதி என்பது ஆசிரியரையும் பாடநூலையும் மட்டுமே குறித்தது. இன்று வகுப்பறையில் கணினியும் இடம் பெற்றுவிட்டது. எனவே, அக்கணினியை இயக்கும் மென்பொருள் எது, அது எம்மொழி பேசும், அதனை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினாக்களும் கல்வி உரிமையோடு தொடர்புடையவை ஆகிவிட்டன. லினக்ஸ் வழங்கல்களைப் பற்றித் தொழில்துறையில் நடைபெறும் விவாதங்களை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையது.

வழங்கல் என்பது யாது?

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு அளிக்கவும் இயலும் மென்பொருள்களைக் கொண்டு ஒரு முழுமையான இயக்க முறைமையைப் படைப்பது அதன் நோக்கம். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் மையக்கருவை வெளியிட்டார். ஆனால் மையக்கரு மட்டும் இருந்தால் கணினியைக் கொண்டு கடிதம் எழுதவோ படம் வரையவோ இயலாது. மையக்கரு, துணைக் கருவிகள், திரைச்சூழல், எழுத்துருக்கள், பயன்பாட்டு மென்பொருள்கள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, சோதித்து, நிறுவுவதற்கு எளிய வடிவில் தருவதே வழங்கல் எனப்படும். 1993-இல் ஸ்லாக்வேரும் டெபியனும் தோன்றின. 2004-இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு வெளிவந்தது.

மூலநிரல் எல்லோருக்கும் பொதுவாதலின், ஒரு வழங்கலிலிருந்து மற்றொன்றை உருவாக்குவது எளிது. இதனால் வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. விவாதங்களும் உடன் பெருகின.

மூன்று கருத்து வேறுபாடுகள்

முதலாவது, எண்ணிக்கை பற்றியது. இத்தனை வழங்கல்கள் எதற்கு, ஒன்றில் உழைப்பைக் குவித்தால் என்ன என்பார் ஒரு சாரார். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பழைய கணினிக்கும் தேவைகள் வேறு வேறு. பன்மையே இம்முறையின் வலிமை என்பார் மறு சாரார்.

இரண்டாவது, புதுமைக்கும் நிலைத்தன்மைக்கும் இடையிலானது. 2011-இல் உபுண்டு தன் திரைச்சூழலை மாற்றி 'யூனிட்டி'யைப் புகுத்தியது. 2017-இல் அதனைக் கைவிட்டு 'க்னோம்' சூழலுக்கே திரும்பியது. வல்லுநர்க்கு இஃது ஒரு சுவை வேறுபாடு மட்டுமே. ஆனால் திரையின் படங்களை அச்சிட்டுப் பாடநூல் வெளியிடும் கல்வித்துறைக்கோ, பொத்தானின் இடம் மாறினாலும் நூலின் பக்கம் பழையதாகிவிடும்.

மூன்றாவது, உடைமை பற்றியது. டெபியன் தன்னார்வலர் சமூகத்தால் நடத்தப்படுகிறது. உபுண்டு, ரெட்ஹாட் ஆகியவற்றின் பின்னால் வணிக நிறுவனங்கள் நிற்கின்றன. 2019-இல் ஐ.பி.எம். நிறுவனம் ரெட்ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 2029 வரை பராமரிக்கப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்-ஓ.எஸ். 8, 2021 முடிவுடன் நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மாற்று வழி தேட நேர்ந்தது. மூலநிரல் திறந்திருந்த காரணத்தால் 'அல்மா', 'ராக்கி' என்னும் மாற்று வழங்கல்கள் விரைவில் எழுந்தன. கட்டற்ற மென்பொருளிலும் முடிவுகள் தொலைவில் எடுக்கப்படலாம் என்பதையும், ஆனால் அம்முடிவை ஏற்க மறுக்கும் வழி அடைபடுவதில்லை என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டியது.

கேரளம் கண்ட வழி

கேரளத்தில் பள்ளிகளுக்கான 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. தொடக்க ஆண்டுகளில் பாடத்தில் தனியுரிமை இயக்க முறைமையே இடம் பெற்றிருந்தது. ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளைப் பொதுப்பாடமாக்குதல் தகுமா என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் வினவினர். அவ்விவாதத்தின் பயனாகப் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடைபெறலாயிற்று. 2017-இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வடிவம் பெற்றது.

இங்குக் கருதத்தக்கது, வழங்கல் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு வழங்கல் தொகுக்கப்பட்டது. கணிதத்திற்கு ஜியோஜீப்ரா, நிலப்படத்திற்குக் கியூஜிஸ், ஓவியத்திற்கு இங்க்ஸ்கேப், நிரலாக்கத்திற்குப் பைத்தான் எனப் பாடத்திற்கு வேண்டிய கருவிகள் அதனுடன் சேர்க்கப்பட்டன. ஆண்டுதோறும் மாறும் பதிப்புகள் தவிர்க்கப்பட்டு, ஐந்தாண்டுக் காலம் பராமரிக்கப்படும் நெடுங்காலப் பதிப்புகள் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். ஆக, எந்த வழங்கல் சிறந்தது என்னும் விவாதத்தைப் பாடம், பயிற்சி, பராமரிப்பு என்னும் மூன்று தேவைகளைக் கொண்டு கேரளம் தீர்த்துக்கொண்டது எனலாம்.

2019-இல் உபுண்டு 18.04-ஐத் தழுவிய பதிப்பு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென வெளியிடப்பட்டபோது, ஏறத்தாழ ரூ. 3,000 கோடி சேமிக்கப்படுவதாகக் 'கைட்' மதிப்பிட்டது. அம்மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் செலுத்தியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகை இது. ஆயினும், கட்டணமின்மை என்பதைச் செலவின்மை என்று கொள்ளலாகாது. உரிமத்திற்குச் செல்லவிருந்த பணத்தில் ஒரு பகுதி பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் செல்லவேண்டும். அது வெளியூர் செல்லாமல் உள்ளூர்த் திறனாக மாறுகிறது என்பதே வேறுபாடு.

எல்லைக்கு அப்பால்

களியக்காவிளைக்குத் தெற்கே வரலாறு வேறு திசையில் சென்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய வழங்கல் 2007-இல் வெளிவந்தது. அதே காலப்பகுதியில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவல்களில் சூசே லினக்ஸைப் புகுத்தியது. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் அளிக்கப்பட்டன.

இரு மாநிலங்களின் அணுகுமுறையும் ஒப்பிடத்தக்கவை. தமிழ்நாடு கருவியை மாணவனின் கையில் கொடுத்தது. ஏழை இல்லத்துள்ளும் கணினி நுழைந்தது. கேரளம் கருவியைப் பள்ளிக்கூடத்தில் வைத்து அதனைப் பாடத்தோடு பிணைத்தது. இரண்டு இயக்க முறைமைகள் அருகருகே இருக்கும்போது, பாடமும் ஆசிரியரும் எதனைப் பயன்படுத்துகின்றனரோ அதுவே நிலைபெறும். மற்றது இருந்தும் இல்லாததாகும்.

தமிழ் மாணவனுக்குக் கிட்டியது என்ன?

கேரளத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்படுகின்றன. பாறசாலைப் பகுதியின் தமிழ்வழி மாணவன் தாய்மொழியில் பாடத்தைப் படிக்க இயலுகிறது. எனினும் நூல் 'சேமி' என்று கூற, திரை அதனையே ஆங்கிலத்தில் காட்டுமாயின், மாணவன் பொருளை உணராமல் இடத்தை மட்டும் மனனம் செய்வான். கட்டற்ற மென்பொருளின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. திரையில் தோன்றும் சொற்றொடர்கள் தனிக் கோப்புகளாக வைக்கப்பட்டிருப்பதால், நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் அவற்றை மொழிபெயர்க்கலாம். 'க்னோம்', 'கே.டி.இ.' சூழல்களைத் தமிழ்ப்படுத்தியவர்கள் பெரும்பாலும் இத்தகைய தன்னார்வலர்களே. தனியுரிமை மென்பொருள்களிலும் தமிழ் வந்ததுண்டு. ஆனால் எப்பொழுது, எந்த அளவுக்கு என்பதை விற்பனையாளரே தீர்மானிக்கிறார். சில நூறு மாணவர்களே உள்ள ஒரு சிறுபான்மைக்கெனச் சந்தை மாறுவது அரிது.

தட்டச்சும் ஒரு சிக்கலாகும். இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட 'இன்ஸ்கிரிப்ட்' அமைப்பில், ஆங்கில 'கே' விசையை அழுத்தினால் மலையாளத்திலும் தமிழிலும் ககரமே தோன்றும். தமிழ்நாட்டில் 1999-இல் தரப்படுத்தப்பட்ட 'தமிழ்99' அமைப்பில் அதே விசை மகரத்தைத் தரும். ககரத்திற்கு 'எச்' விசையை அழுத்த வேண்டும். இரு மொழியும் எழுதும் எல்லைப்புற மாணவனுக்கு முன்னது எளிது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மேற்படிப்புக்குச் செல்வோனுக்குப் பின்னது பயன்படும். லினக்ஸ் வழங்கல்களில் இரண்டையும் சேர்த்தே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் மாணவனுக்கு அதனை எடுத்துரைக்க ஆசிரியர் வேண்டும்.

எழுத்துருத் துறையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வ அமைப்பு, 'மீரா' என்ற மலையாள எழுத்துருவுக்கு இணையாக 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுள்ளது. இருமொழிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இரண்டு எழுத்துகளும் ஒத்த வடிவில் அமைய இது உதவும்.

ஆட்சேபணைகளும் விடைகளும்

அலுவலகங்களில் பெரிதும் வழங்குவது விண்டோஸ். பள்ளியில் லினக்ஸ் கற்றவன் வேலை பெறுவானா என்பது பெற்றோரின் நியாயமான கவலை. பள்ளி கற்பிக்கவேண்டியது பொத்தானின் இடத்தையன்று, செயலின் கருத்தை என்பதே இதற்கு விடை. அட்டவணையில் சூத்திரம் அமைக்கக் கற்றவன் எந்த மென்பொருளிலும் அமைப்பான். அன்றியும் இணையத்தின் வழங்கிக் கணினிகள் பெரும்பாலும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் நாடிச் செல்வோர்க்கு அவ்வறிவு வீணாகாது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி மற்றோர் எச்சரிக்கை. 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, தனக்கென ஒரு வழங்கலையும் அமைத்துக்கொண்ட அந்நகராட்சி, 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பயனாளரின் குறைகள், பிற அலுவலகங்களோடு கோப்புகள் பொருந்தாமை, ஆட்சி மாற்றம் ஆகியன அங்கு விவாதத்திற்கு உள்ளாயின. தொழில்நுட்பம் தகுதியுடையதாயினும் நிர்வாக உறுதியும் பயனாளரின் இசைவும் இன்றேல் அது நிலைக்காது.

செய்யத்தக்கன

மைய அரசு 2015-இல் திறந்த மூலநிரல் மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கொள்கை கடைக்கோடிப் பள்ளியைச் சென்றடையச் சில பணிகள் தேவை. முதலாவது, மாறுதலை முன்கூட்டியே திட்டமிடுதல்: உபுண்டு 22.04-இன் பொதுப் பராமரிப்புக் காலம் 2027-இல் முடிகிறது. கட்டற்ற மென்பொருளுக்கும் காலவரையறை உண்டு. இரண்டாவது, புதிய பதிப்பு வெளிவருமுன் அதன் தமிழ்ச் சொற்றொடர்களைத் தமிழ்வழி ஆசிரியர்களைக் கொண்டு சரிபார்த்தல். மூன்றாவது, இரு மாநிலப் பாடநூல்களின் கலைச்சொற்களை ஒப்பிட்டு, எல்லைப்புற மாணவனுக்கு ஒரு சிறு அகராதி அளித்தல். நான்காவது, பராமரிப்பு அறிந்த ஓர் ஆசிரியரையேனும் ஒவ்வொரு பள்ளியிலும் உருவாக்குதல்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு ஆகாது; எந்த நிறுவனத்தின் இசைவையும் எதிர்நோக்கவேண்டியதில்லை. லினக்ஸ் வழங்கல் தருவது இந்த வாய்ப்பையே. வாய்ப்பைப் பயனாக்குவது ஆசிரியர், அலுவலர், மொழியறிஞர் ஆகியோரின் கூட்டு உழைப்பாகும். எந்த வழங்கல் சிறந்தது என்ற வினாவுக்கு வல்லுநர்கள் பல விடைகள் கூறலாம். பாறசாலையின் தமிழ்வழி வகுப்பறையைப் பொறுத்தவரையில், பிழை கண்டபோது அருகிலுள்ள ஒருவரால் திருத்தத்தக்கதும், மாணவனின் மொழியில் அவனோடு பேசவல்லதுமாகிய வழங்கலே சிறந்தது.