கேட்டல், காத்தல், செய்தல்: ஓர் எபிரேய வசனத்தின் சொற்பொருள்

கட்டளையை ஏற்று நடப்பதைத் தமிழில் 'கீழ்ப்படிதல்' என்கிறோம். கீழே படிதல் என்னும் இச்சொல்லிலேயே மேல், கீழ் என்ற வேறுபாடு அமைந்துவிடுகிறது. எபிரேய மறைநூல் இதே கருத்தை எவ்வாறு சொல்கிறது? உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் நல்ல சான்று. மோசே இஸ்ரயேல் மக்களுக்குக் கூறுவதாக அமைந்த இவ்வசனத்தின் தொடக்கத்தில் மூன்று வினைகள் வரிசையாக நிற்கின்றன.

1. ஷாமா
இதன் அடிப்படைப் பொருள் கேட்டல். பண்டைய எபிரேயத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கப் பெரிதும் வழங்குவது இச்சொல்லே. இங்கு அது 'ஷமோவா திஷ்மா' என இரட்டித்து வந்து அழுத்தம் பெறுகிறது. யூதர்கள் காலையும் மாலையும் ஓதும் 'ஷெமா'வும் இவ்வேரில் பிறந்த பெயரே. சாலமோன் அரசன் இறைவனிடம் வேண்டியதும், மூலத்தின்படி, 'கேட்கும் இதயம்'.

2. ஷாமர்
இது காவல் காத்தலைக் குறிக்கும். ஏதேன் தோட்டத்தைக் காக்க ஆதாம் வைக்கப்பட்டதும், 'நான் என் தம்பிக்குக் காவலாளியா' என்ற பொருளில் காயின் கேட்டதும் இவ்வேர்ச்சொல்லால்தான். ஆகவே, கட்டளை என்பது சிதையாமல் பேண வேண்டிய செல்வமாகிறது. நாமும் 'வாக்கைக் காப்பாற்றினான்' என்கிறோம் அல்லவா?

3. ஆசா
செய்தல், ஆக்குதல் என்பது பொருள். கடவுள் வானவிரிவை உண்டாக்கியதைக் கூறவும் ஆதியாகமம் இவ்வினையையே ஆள்கிறது.

இனி, செயப்படுபொருளைக் கவனிப்போம். காப்பதும் செய்வதும் 'மிட்ஸ்வா' எனப்படும் கட்டளைகளை. யூத மரபு அவற்றை 613 எனக் கணக்கிடுகிறது: செய்யவேண்டியவை 248, விலக்கவேண்டியவை 365. ஆனால், முதல் வினையாகிய கேட்டலுக்கு உரியது கட்டளையன்று, இறைவனின் குரல். அக்குரலைக் கேட்ட பின்னரே காத்தலும் செய்தலும் வருகின்றன.

'சொன்னால் கேள்', 'பெரியவர் பேச்சைக் கேட்காதவன்' என்னும் வழக்குகளில் நம் 'கேள்' என்ற சொல்லும் செவியையும் செயலையும் இணைக்கிறது. எனினும், 'கேள்' என்பதற்கு வினவுதல் என்ற பொருளும் உண்டு. எபிரேயத்தில் அதற்கு 'ஷாஅல்' என்னும் வேறு சொல் இருக்கிறது. இவ்வொப்புமையைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பித்துவிடலாகாது. எபிரேயம் செமித்திய மொழி. தமிழ் திராவிட மொழி. காதால் கேட்பதிலிருந்து ஏற்று நடப்பதற்குப் பொருள் விரிவது மனித மொழிகள் பலவற்றில் நிகழ்வதே. இலத்தீனில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் கேட்டலை வேராகக் கொண்டதுதான்.

'கீழ்ப்படி' என்ற ஒரே சொல்லால் இவ்வசனத்தைப் பெயர்த்தால் பணிவு மட்டும் எஞ்சும். செவியும் காவலும் மறைந்துவிடும். அச்சத்தால் கீழ்ப்படிபவன் குரலைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. இவ்வசனமோ முதலில் செவியைத்தான் கேட்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேர்வதென்பது வாசகரின் சமயப் புரிதலையே தேர்வதாகும். மொழி பயிலும் நாம் இப்பொறுப்பை மறவாதிருப்போம்.