மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும்

சென்ற பருவத்தில் ஒரு மாலை, விடுதி முற்றத்தில் பந்தாடிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்து சேர்ந்த நண்பர் ஒருவர், "நீங்கள் எந்த டிவிஷனில் ஆடியவர்?" என்று என்னைக் கேட்டார். "மேல் டிவிஷன்" என்றேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை படர்ந்தது. சற்று நேரம் கழித்தே எனக்கு உறைத்தது. அவர் கேட்டது கால்பந்து லீக்கின் பிரிவை. நான் சொன்னதோ என் அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேற்பகுதியை! மூணாற்றுப் பக்கம் எஸ்டேட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் டிவிஷன் என்றுதான் பெயர். உண்மையைச் சொன்னதும் நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் எங்கள் மலையில் அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள் ஏன் ஏற்படவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் லீக் என்பது யாது என்று பார்ப்போம். பதினாறு அணிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். தோற்றவர் வெளியேறும் கோப்பை முறையில் 15 ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதும் லீக் முறையிலோ 120 ஆட்டங்கள். கடைசி இடத்தில் வரும் அணிக்கும் 15 ஆட்டங்கள் நிச்சயம். ஆடி ஆடித்தானே ஆட்டம் வரும்?

இம்முறையை 1888-இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு கழகங்கள் கூடித் தொடங்கின. 1892-இல் இரண்டாம் பிரிவு சேர்ந்தது. மேலே கடைசியாக நின்றவர்களும் கீழே முதலாக வந்தவர்களும் தனியாக மோதிப் பார்த்து இடம் மாறுவது அன்றைய வழக்கம். 1898-இல் அதையும் விட்டு, பட்டியலில் பெற்ற இடமே ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானிக்கும் என்றார்கள். அதே 1898-இல் கல்கத்தாவிலும் லீக் தொடங்கிவிட்டது. ஏறவும் இறங்கவும் படி வைத்ததே இம்முறையின் உயிர் என்பேன். நேற்றுப் பிறந்த சிற்றூர்க் கழகமும் அடிப்பிரிவில் நுழைந்து ஆண்டுக்கு ஒரு படியாக மேலே வரலாம் அல்லவா?

கேரளத்தில் பதினான்கு மாவட்டங்கள். மாவட்டந்தோறும் ஒரு கால்பந்துச் சங்கம். அவற்றுக்கு மேலே மாநிலச் சங்கம். கழகம் ஒன்று மாவட்டச் சங்கத்தில் சேர்ந்து, கட்டணம் செலுத்தி, தன் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்து, மாவட்ட லீக்கில் ஆடவேண்டும். பருவம் ஒன்றுக்கு ஒருவர் ஒரே கழகத்துக்குத்தான் உரியவர். கழகம் மாறினாலும் மாநிலம் மாறினாலும் மாற்றுச் சீட்டு வேண்டும். 2013-14 பருவத்திலிருந்து கேரள பிரிமியர் லீக் என்ற மாநிலப் படியும் உண்டு. எழுத்தில் பார்த்தால் ஏணி ஒழுங்காகவே சாத்தப்பட்டிருக்கிறது. அதன் அடிக்கால் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

இனி எங்கள் மலைக்கு வருவோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்லே நிர்வாகத்தில் 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி எழுந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து போடி வழியாக மலையேறி வந்த கூலிகளே எம் முன்னோர். அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று 1941-இல் தொடங்கியது பின்லே கேடயம். நாட்டின் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

குண்டுமலை, மாட்டுப்பட்டி, நல்லதண்ணி, பெரியவாரை, சொக்கநாடு, கன்னிமலை என்று எஸ்டேட்டுகளின் பெயரே அணிகளின் பெயர். ஆட்டம் பழைய மூணாற்று மைதானத்தில். சரிவே நிலமான மலையில் சமதரை என்பதே ஒரு செல்வம். இறுதி ஆட்டத்தன்று கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜீப்பிலும் லாரியிலும் வந்து இறங்கும் பெண்களின் கூச்சலைக் கேட்டவர்கள், கால்பந்து ஆண்களின் பொழுதுபோக்கு என்று சொல்லத் துணியமாட்டார்கள். பின்லே போய் 1983-இல் டாடா டீ என்றானது. 2005-இல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள கம்பெனி வந்தது. கேடயத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

என் சித்தப்பா அதில் வலப்பக்க முன்னாட்டக்காரர். அவருடைய ஓட்டத்தைப் பற்றி இன்றும் பெரட்டுக்களத்தில் பேசுவார்கள். சென்ற விடுமுறையில் அவரிடம் லீக்கைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏப்பா, நாங்க வருசத்துக்குப் பத்து நாள் ஆட்டக்காரன், மத்த நாளெல்லாம் கவாத்துக்காரன். கேடயத்தத் தூக்கிட்டு லயத்துக்கு வந்தா மறுநா விடியக்கால பெரட்டுதான்" என்றார். நான் படித்துச் சொன்ன எல்லாவற்றையும்விட இது தெளிவாக இருந்தது. கேடயத்துக்கு மேலே அடுத்த படி கிடையாது. அதில் ஆடும் தகுதி தோட்டத்து வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டுப் படிக்கக் கீழே இறங்கிய என் போன்றவன் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. கேடயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் எங்களுக்கு அந்தப் பத்து நாளும் இல்லை.

அப்படியானால் மாவட்ட லீக்? இடுக்கி என்ற மாவட்டமே 1972 ஜனவரி 26-இல்தான் பிறந்தது. அதுவரை மூணாறு கோட்டயத்தைச் சேர்ந்தது. இன்றும் தொடுபுழை போகவேண்டுமானால் வளைந்து வளைந்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் போய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, திங்கட்கிழமை வேலைக்கு வர முடியாதவர்களின் நாட்கூலி என்று கூட்டிப் பாருங்கள். லீக்கின் சிறப்பே ஆட்டங்கள் மிகுதி என்றேன். மலைக்காரனுக்கு அந்தச் சிறப்பே சுமையாகிறது.

பாலக்காட்டு எல்லையில் நிலைமை வேறு. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபாரில் இருந்தது. மொழிவாரிப் பிரிவினையில் அது கேரளத்தோடு சேர்ந்தது; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. சிற்றூர்ப் பக்கத்துத் தமிழ் இளைஞனுக்கு மைதானமும் அருகில், கழகமும் அருகில். வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூர். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பருவத்தில் பெயர் பதிய முடியாது. எந்தப் பக்கம் முதலில் கையெழுத்திடுகிறானோ அந்த மாநிலத்து ஆட்டக்காரனாகிறான். எல்லைக்கோடு வயலில் தெரிவதில்லை; பதிவேட்டில் நன்றாகத் தெரிகிறது.

முன்பு ஏணிக்கு இன்னொரு பக்கமும் இருந்தது: வேலை. டைட்டானியம், பிரீமியர் டயர்ஸ் போன்ற ஆலைகளும் கேரள போலீசும் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தந்து அணி வளர்த்தன. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ. எம். விஜயன் போலீஸ் அணியில் சேர்ந்து இந்திய அணித் தலைவரானதை நாடறியும். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சோடா விற்ற இடம் மைதானமாக இருந்ததையும் மறக்கலாகாது.

இப்படி ஏணிக்கு எட்டாதவர்களையும் அதிலிருந்து இறங்கியவர்களையும் அழைத்துக்கொள்வது செவன்ஸ் என்னும் எழுவர் ஆட்டம். மலப்புறத்திலும் வடபாலக்காட்டிலும் அறுவடை முடிந்த வயல்களில் மூங்கில் காலரி கட்டி, விளக்கொளியில் நடைபெறுவது. அன்றைய ஆட்டத்துக்கு அன்றே கூலி. மாநிலச் சங்கம் நெடுங்காலம் இதை ஏற்கவில்லை. பாலக்காட்டைச் சேர்ந்த ஆர். தனராஜன் கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளுக்கு ஆடியவர். 2019 டிசம்பர் 29-இல் பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது களத்திலேயே விழுந்து இறந்தார், வயது 39. அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரி 19-இல் பாலக்காடு நூரணியில் ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. அன்று தற்காலிக காலரி சரிந்து பலர் காயமுற்றனர். ஏணியின் உச்சிப்படி வரை போனவருக்கே இது கதி என்றால், முதற்படியில் கால் வைக்காதவன் என்ன நம்பிக் கீழே இறங்குவான்?

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகனுக்குப் பதினாறு வயது. ஓட்டம் தகப்பனைப் போலவே. சித்தி இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறுவார். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் லயத்து வீடு நிற்கும். பெயர் கொடுத்தால் கேடயத்துக்கு ஆடலாம், வீடும் தங்கும். கொடுக்காவிட்டால் இரண்டும் போய்விடும். "அவன் இங்கயே நல்லா ஆடுறானே, போதாதா?" என்கிறார் சித்தி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மாவட்ட லீக்கில் பதிவு பெற்ற கழகம் ஒன்றின் செயலாளருக்கு எழுதினேன். பையனின் பிறந்தநாள் சான்றிதழோடு நேரில் வரச்சொல்லியிருக்கிறார். இரண்டு ஞாயிறு ஆடவிட்டுப் பார்ப்பார்களாம். தை விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு போகிறேன். சித்தப்பா தம் பழைய பூட்ஸுக்கு ஆணி மாற்றி வைத்திருக்கிறார். அது அவனுக்கு ஒரு விரல் பெரிது.