கிளாட் மார்க்குக்கு சீட் கிடைக்குமா?

சட்டப் படிப்பில் சேர்வதற்கான கிளாட் தேர்வு முடிவு வந்ததும் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இதுதான். மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இடம் தருவது ரேங்க்கைப் பார்த்துத்தான்.

செய்ய வேண்டியவை

• சேர விரும்பும் கல்லூரியின் சென்ற ஆண்டுக் கடைசி ரேங்க்கைத் தேடி எடுங்கள். முதல் சுற்றுப் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். மேலே இருப்பவர்கள் வேறு கல்லூரிக்கு நகர நகர, அடுத்தடுத்த சுற்றுகளில் பின்னால் இருப்பவர்களுக்கும் இடம் வரும். முதல் பட்டியலைப் பார்த்தே மனமுடைந்து ஒதுங்கிவிடும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

• அந்தப் பட்டியலில் உங்கள் பிரிவுக்கான வரிசையைப் படியுங்கள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. அகில இந்தியப் பொதுப்பிரிவின் ரேங்க்கை மட்டும் பார்த்து ‘நமக்கு வராது’ என்று முடிவு கட்டினால், கைக்கு எட்டும் இடம் கைநழுவிப் போகும்.

• விடைக்குறிப்பு வந்தவுடன் மார்க்கைச் சரியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மார்க் போகும். 92 வினாக்களுக்கு விடையளித்து 72 சரி, 20 தவறு என்றால் கையில் இருப்பது 67. இரண்டு பேர் ஒரே மார்க் எடுத்தால், சட்டப் பகுதியில் அதிகம் எடுத்தவரே முன்னால் வருவார். அந்தப் பகுதியைத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• அக்காவின் மார்க்கோடு தம்பியின் மார்க்கை ஒப்பிடாதீர்கள். 2020 முதல் 150 வினாக்கள் இருந்தன; 2024 சேர்க்கைக்கான தேர்விலிருந்து 120தான். வினாத்தாள் கடினமான ஆண்டில் குறைந்த மார்க்குக்கும் நல்ல ரேங்க் வரும்.

• முதலில் வரும் விடைக்குறிப்பை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 சேர்க்கைக்கான தேர்வில் சில விடைகள் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மார்க்கைத் திருத்தச் சொன்னது.

• டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு இந்த ரேங்க்கை நம்பாதீர்கள். அதற்கு ஐலெட் என்ற தனித் தேர்வு இருக்கிறது.

• கிளாட்டில் ரேங்க் தள்ளிப்போனதால் சட்டப் படிப்பையே கைவிடாதீர்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். கிளாட் முடிவு எப்படி வந்தாலும், அந்த விண்ணப்பத்தையும் கடைசித் தேதிக்குள் போட்டுவிடுங்கள்.